உணவும் இருதயமும்: ஆலோசனைகள் ஏன் மாறுபடுகின்றன?



மாலையில் லயத்து வாசலில் நான்கு பேர் கூடினால், பேச்சு எப்படியும் உடம்பைப் பற்றி வந்துவிடுகிறது. "அண்ணே, முட்டையின் மஞ்சளைத் தொடாதே என்று கிளினிக்கில் சொன்னார்கள். இப்போது தினம் ஒரு முட்டை சாப்பிடலாம் என்கிறார்களாமே!" என்பார் ஒருவர். "தேங்காய்ப் பால் ஆகாது என்றார்கள். என் மகனுடைய கைத்தொலைபேசியில் வந்த படத்தில் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்கிறார்கள்" என்பார் மற்றொருவர். மூன்றாமவர், "இவர்கள் பேச்சைக் கேட்டால் பட்டினிதான். வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவோம்" என்று முடித்து வைப்பார்.

நேயர்களே, இந்த மூன்றாமவரின் பேச்சுத்தான் நமக்கு அச்சத்தைத் தருகிறது. இந்நாட்டில் மக்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் முன்வரிசையில் நிற்பது இருதய நோய். அதற்கு வழி திறந்துவிடும் இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் நம் குடும்பங்களில் நிறைந்து கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 18 வயது நிறைந்த மலேசியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே, "ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்று கையை உதறிவிட்டுப் போவது நமக்குக் கட்டுப்படியாகாது. ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று நாம் தெளிவாக முடிவு செய்யலாம். இன்றைய பேச்சில் அதைப் பார்ப்போம்.

முதலில், உணவு வழிகாட்டி என்றால் என்ன? ஒரு நாட்டு மக்கள் பொதுவாக எதை, எவ்வளவு உண்டால் நலம் என்று நிபுணர்கள் கூடி ஆராய்ந்து எழுதும் நூலே உணவு வழிகாட்டி. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை இதை வெளியிடுகிறார்கள். நம் மலேசியாவின் முதல் வழிகாட்டி 1999இலும், அடுத்தவை 2010, 2020 ஆகிய ஆண்டுகளிலும் எழுதப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறது. இவை தவிர, இருதய மருத்துவர்களின் சங்கங்களும் தனியே ஆலோசனை தருகின்றன. இத்தனை பேர் எழுதும்போது வேறுபாடு புகுந்துகொள்ளப் பல வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது வாசல், உணவு ஆராய்ச்சியின் கடினம். தோட்டத்தில் ஒரு புதிய உரம் நல்லதா என்று அறிய வேண்டுமானால் என்ன செய்கிறார்கள்? ஒரு பகுதி செம்பனைக்குப் புது உரம் போடுகிறார்கள். அடுத்த பகுதிக்குப் பழைய உரம். சில ஆண்டுகள் குலைகளை நிறுத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். மரம் இடம் மாறுவதில்லை; யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய்ப் பலகாரம் வாங்கித் தின்பதுமில்லை. மனிதர்களை அப்படி வைத்துப் பார்க்க முடியுமா? இருதயக் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலம் ஒருவருக்கு ஒரே வகை உணவை அளந்து கொடுக்க எவராலும் இயலாது.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, மக்களைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதி வருவது. அமெரிக்காவில் பிராமிங்ஹம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வும், ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 1958இல் ஏழு நாடுகளில் தொடங்கிய ஆய்வும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு இருதய நோயும் மிகுதியாக வருகிறது என்பது இவற்றால் தெளிவாயிற்று. ஆனால் இவ்வழியில் ஒரு சிக்கல் உண்டு. கீரையும் பழமும் நிறைய உண்பவர் பெரும்பாலும் புகை பிடிக்காதவராகவும், நன்றாக நடப்பவராகவும் இருப்பார். அவரைக் காப்பாற்றியது கீரையா, நடையா? பிரித்துச் சொல்வது எளிதன்று.

மற்றொரு வழி, மக்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் உணவை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அமெரிக்காவில் ஏறக்குறைய 49,000 பெண்களைக் கொண்டு இப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், தானியங்களைக் கூட்டும்படி ஒரு பிரிவினருக்குச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இருதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கவில்லை. "பார்த்தீர்களா, கொழுப்பைக் குறைப்பதில் பயனில்லை" என்றார்கள் சிலர். "அவர்கள் குறைத்த அளவு போதாது, எந்தக் கொழுப்பைக் குறைப்பது என்றும் பிரித்துப் பார்க்கவில்லை" என்றார்கள் வேறு சிலர். சோதனை ஒன்று, தீர்ப்பு இரண்டு. இப்படித்தான் வழிகாட்டிகள் எழுதுவோரிடையே கருத்து வேறுபாடு தொடங்குகிறது.

இரண்டாவது வாசல், "எதற்குப் பதிலாக எது?" என்ற கேள்வி. நெய், வெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் முதலியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு என்ற வகை மிகுதி. குளிர்ந்தால் உறைந்து போவது இதன் குணம். இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. சரி, குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். குறைத்த இடத்தில் எது வந்து உட்காருகிறது? தேங்காய்ப் பால் குழம்பை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக இன்னொரு அகப்பை வெள்ளைச் சோறும் இனிப்புத் தேநீரும் சேர்த்துக்கொண்டால் இருதயத்திற்கு ஆதாயம் இல்லை. அந்த இடத்தில் மீன், நிலக்கடலை, பருப்பு, சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை வந்தால் ஆதாயம் உண்டு. பதிலாக வந்தது எது என்று பாராமல் கூட்டிக் கழித்த ஆய்வுகள் "கொழுப்பால் கெடுதி இல்லை" என்றன. அதைப் பார்த்த ஆய்வுகள் "மாற்றினால் நன்மை உண்டு" என்றன. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பாதியை மட்டும் கேட்டவர்தான் குழம்பிப் போகிறார்.

மூன்றாவது வாசல், "யாருக்கு?" என்ற கேள்வி. நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளைய உணவுச் சக்தியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்க இருதயச் சங்கமோ 2013இல் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு போதும் என்றது. இது என்ன முரண் என்று தோன்றும். முன்னது பொது மக்கள் அனைவருக்கும் சொன்னது. பின்னது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைத்தே ஆக வேண்டியவர்களுக்குச் சொன்னது. கால் நன்றாக உள்ளவனுக்கும் கால் சுளுக்கியவனுக்கும் ஒரே வேலையை யாராவது கொடுப்பார்களா?

இந்தக் கணக்கை நம் சமையல் கரண்டியில் அளந்து பார்ப்போம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நூற்றுக்குப் பத்து என்பது ஏறக்குறைய 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி செம்பனை எண்ணெயில் சுமார் 7 கிராம் இருக்கிறது. அதே அளவு தேங்காய் எண்ணெயில் 11 கிராமுக்கு மேல் இருக்கிறது. மூன்று கரண்டி செம்பனை எண்ணெய், அல்லது இரண்டே கரண்டி தேங்காய் எண்ணெய், அன்றைய கணக்கை நிரப்பிவிடும். இறைச்சி, பால், பலகாரம் ஆகியவற்றில் மறைந்திருப்பது தனி.

ஆளுக்கு ஆள் மாறுவது போலவே நாட்டுக்கு நாடும் ஆலோசனை மாறுகிறது. உப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் நம் நாட்டு வழிகாட்டியும் சொல்கின்றன. இங்கிலாந்தில் 6 கிராம் என்கிறார்கள். ஜப்பானில் 2020ஆம் ஆண்டு எழுதிய அளவு ஆண்களுக்கு 7.5 கிராம், பெண்களுக்கு 6.5 கிராம். ஜப்பானியருடைய உடம்புக்கு உப்பு கெடுதி செய்யாதா? செய்யும். ஆனால் சோயா கிச்சாப்பும் உப்பில் ஊறிய காய்கறியும் அவர்கள் வழக்கம். பத்து கிராம் உண்பவர்களைப் பார்த்து உடனே ஐந்துக்கு இறங்கு என்றால் எவரும் கேட்கமாட்டார்கள் என்று, ஒரு படியாவது இறங்கட்டும் என எழுதுகிறார்கள். விஞ்ஞானம் ஒன்றுதான், மக்களின் வழக்கத்தைப் பார்த்து எண்ணை மாற்றுகிறார்கள்.

பின்லாந்து நாட்டில் வெண்ணெயும் கொழுப்புப் பாலும்தான் முதல் எதிரிகள். அங்கே வட கரேலியா என்ற மாநிலத்தில் இளவயதிலேயே ஆண்கள் இருதய நோயால் மாண்டு வந்தார்கள். 1972இல் ஊர் முழுவதும் ஓர் இயக்கம் தொடங்கி வெண்ணெயையும் உப்பையும் புகைப் பழக்கத்தையும் குறைத்தார்கள், காய்கறியைக் கூட்டினார்கள். சில பத்தாண்டுகளில், உழைக்கும் வயதுடைய ஆண்களிடையே இருதய நோய் மரணங்கள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தன. அறிஞர்கள் தமக்குள் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், சாதாரணக் குடும்பங்கள் தங்கள் உணவை மாற்றிப் பயனடைந்தன. இதை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வாசல், "எப்போது சொன்னது?" என்ற கேள்வி. முட்டையின் கதையே இதற்குச் சான்று. 1968இல் அமெரிக்க இருதயச் சங்கம், வாரத்திற்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் உண்ண வேண்டாம் என்றது. ஒரு முட்டையிலேயே இருநூறு மில்லிகிராமை நெருங்கும் கொலஸ்ட்ரால் உள்ளது. பின்னால் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் ஈரலே உண்டாக்குகிறது. பெரும்பாலோருக்கு, உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே இரத்தக் கொலஸ்ட்ராலை அதிகமாக ஏற்றுகிறது. எனவே 2015ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டி அந்த 300 என்ற எண்ணை எடுத்துவிட்டது. "விருப்பம்போல் உண்ணலாம்" என்று அது சொல்லவில்லை. கொலஸ்ட்ரால் உணவைக் குறைவாகவே உண்ணும்படி சொன்னது. ஆனால் நம் காதுக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டுமே. இனிப்பு நீர் உள்ளவர்களும் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் முட்டையில் இன்னும் கவனமாக இருப்பதே நல்லது.

விஞ்ஞானம் தன் சொல்லை மாற்றிக்கொள்கிறது என்பதற்காக அதை நம்பாமல் இருக்கக்கூடாது. புதிய சான்று கிடைத்தும் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாவது வாசல் பண வாசல். "யாருக்கு இலாபம்?" என்று கேட்க வேண்டிய இடம் இது. இதில் நம் செம்பனையின் கதை அடங்கியிருக்கிறது. 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வியாபார முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது. 1960களுக்குப் பின் ரப்பர் மரம் நின்ற இடங்களிலெல்லாம் செம்பனை பரவியது. குலை வெட்டியவர்களும், உதிரிப் பழம் பொறுக்கியவர்களும் நம்மவர்கள். 1980களில் அமெரிக்காவில் சோயா விவசாயிகளின் சங்கம், செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இருதயத்திற்கு ஆகாதவை என்று பெரும் பிரசாரம் செய்தது. பல உணவுக் கம்பெனிகள் அவற்றைக் கைவிட்டு, ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய்க்கு மாறின. அவ்வாறு கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்ற ஒன்று உண்டாகிறது. 1990இல் ஹாலந்து நாட்டு அறிஞர்கள் இருவர், டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். மாற்றாக வந்தது மூலத்தைவிட மோசமாயிருந்தது! 2015இல் அமெரிக்க அரசு அந்த எண்ணெயைப் பாதுகாப்பானது அன்று என முடிவு செய்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை உலகெங்கும் ஒழிக்கும்படி அழைப்பு விடுத்தது. சிங்கப்பூர் 2021இல் தடை செய்தது.

அப்படியானால் செம்பனை எண்ணெய் மருந்தா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. நம் நாட்டில் அதைப் பொதுச் சமையல் எண்ணெயாக ஏற்று, அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் நிறைவுற்ற கொழுப்பு குறைந்த எண்ணெய்களை ஊக்குவிக்கிறார்கள். சோயா விற்பவருக்கும் இலாபம் உண்டு; செம்பனை விற்பவருக்கும் இலாபம் உண்டு. செம்பனை நமக்குச் சோறு போட்ட மரம் என்பதால் நமக்கும் அதன்மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் இரத்தக் குழாய் பாசத்தைப் பார்ப்பதில்லை, அளவைத்தான் பார்க்கிறது.

சீனிக் கதையும் இப்படித்தான். 1967இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில், இருதய நோய்க்குக் கொழுப்பையே முதன்மையாகக் குற்றம் சாட்டி, சீனியின் பங்கைச் சிறிதாக்கிய கட்டுரை ஒன்று வந்தது. அதை எழுதியவர்களுக்குச் சீனித் தொழிலைச் சேர்ந்த அமைப்பு பணம் கொடுத்திருந்தது. இந்தச் செய்தி பழைய கடிதங்களிலிருந்து 2016இல்தான் வெளிச்சத்திற்கு வந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்!

நேயர்களே, இத்தனை வேறுபாடுகளைச் சொன்னோம். இனி ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். நல்ல வழிகாட்டிகள் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சண்டை நடப்பது ஓரங்களில்தான். நடுவில் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். காய்கறி, கீரை, பழம், பருப்பு, பயறு, மீன், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். சீனியையும் உப்பையும் குறையுங்கள். டிரான்ஸ் கொழுப்பை விலக்குங்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றை அளவோடு வையுங்கள். உடம்பு பெருக்க விடாதீர்கள். நடங்கள். புகையை விடுங்கள். இவற்றில் எந்த நாட்டிற்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நம் சமையலறையில் இதை எப்படிச் செய்வது? சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்லித் தருகிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு போன்றவை, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் தட்டில் பெரும்பாலும் முக்கால் பங்கு சோறுதான் இருக்கிறது. அதிகாலையில் பல மைல் நடந்து, நூற்றுக்கணக்கான மரம் வெட்டிய தலைமுறைக்கு அந்தச் சோறு எரிந்து போயிற்று. மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவருக்கும், உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும் அது எரிவதில்லை, தங்கிவிடுகிறது. காய்கறி விலை ஏறிவிட்டது என்பது உண்மை. எனினும் லயத்தின் பின்புறம் ஒரு முருங்கையும், ஒரு பாத்தி பசலையும் கங்கோங்கும் வளர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. விலை உயர்ந்த மீன்தான் வேண்டும் என்பதுமில்லை. கெம்போங் மீனே போதுமானது.

தேநீரைக் கவனியுங்கள். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய ஒரு குவளையில் கிட்டத்தட்ட 20 கிராம் சீனி போகிறது. நாளுக்கு மூன்று குவளை என்றால் 60 கிராமை நெருங்குகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன மேல் எல்லையே, 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராம்தான். அதில் பாதியாக இருப்பது இன்னும் நலம் என்றது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், பொட்டல மீயின் தூள், இவற்றில் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரே வேளையில் இவற்றில் ஒன்று போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பயன்படுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இதுவரை சொன்னவை பொது மக்களுக்கானவை. இருதய நோய், இனிப்பு நீர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும். "கொலஸ்ட்ரால் என்பதெல்லாம் கட்டுக்கதை" என்று எவரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முட்டையைப் பற்றி வாதம் உண்டு. செம்பனை எண்ணெயைப் பற்றி வாதம் உண்டு. கெட்ட கொலஸ்ட்ரால் மிகுந்தால் இருதயக் குழாய் அடைபடும் என்பதில் மருத்துவ உலகம் உறுதியாக நிற்கிறது. மாத்திரையில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சம்பாதிக்கும் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் சாய்ந்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் சேர்ந்து சாய்கிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் இதை வகுப்பறையில் பார்த்து வருகிறோம்.

ஆகவே, இனி ஒரு புதிய ஆலோசனை காதில் விழுந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். யாருக்குச் சொன்னது? எப்போது சொன்னது? எதற்குப் பதிலாக எதை உண்ணச் சொல்கிறது? இதனால் யாருக்கு இலாபம்? இந்த நான்குக்கும் விடை கிடைக்காத பேச்சை அடுத்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இக்கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். கைத்தொலைபேசியில் வருவதைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் அவர்கள்தாம்.

இன்றிரவு சோறு போடும்போது ஓர் அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையை வையுங்கள். அதற்கு எந்த நாட்டு வழிகாட்டியும் மறுப்புச் சொல்லாது.